ஸ்காட்லாந்து வீட்டில் ஒரு மாடாக்குழி

1. சாப்பாட்டு நேரத்தில் ஒரு கேள்வி

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரத்தில் அந்த மெயில் வந்தது. ஸ்காட்லாந்தில் இருந்து இயன் சார் அனுப்பியிருந்தார். அவர் அங்கே பழைய வீடுகளைப் பழுது பார்க்கும் ஆர்க்கிடெக்ட். வழக்கமாக அவர் மெயிலில் முதலில் மழை இருக்கும், அப்புறம் நலம் விசாரிப்பு, கடைசியில்தான் வேலை. அன்றைக்கு மழையும் இல்லை, நலமும் இல்லை. "பின்சுவரில் இருக்கும் குழியை விளக்கு மாடம் என்று எதை வைத்து எழுதினீர்கள்?" என்ற கேள்வி மட்டும் இருந்தது.

என் பெயர் மேரி. சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு, அரியலூரில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் டிரேசிங் பேப்பரும் இங்க் பேனாவுமாக ஆரம்பித்தவள். அப்போது எங்கள் வேலையெல்லாம் சிமெண்ட் பேக்டரி குவாட்டர்ஸ், குடோன், காம்பவுண்டு சுவர். இப்போது பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், உரக்கடை மாடியில் இருக்கும் சின்ன டிராயிங் ஆபீசில் செக்கிங் பார்க்கிறேன். செக்கிங் என்றால் மற்றவர்கள் போட்ட படத்தில் குற்றம் கண்டுபிடிப்பது. அதற்குச் சம்பளம் வேறு தருகிறார்கள். சுபாவத்துக்கு ஏற்ற வேலை எல்லோருக்கும் அமைவதில்லை.

ஆபீஸ் முதலாளி அன்பழகன் சார், குன்னத்துக்காரர். படம் போடுகிறவர் காதர் பாய், துபாயில் பெரிய பெரிய மால்களுக்குப் படம் போட்டுவிட்டு ஊர் திரும்பியவர். இன்னும் ஓரிருவர் உண்டு, அவர்கள் உள்ளூர் வீட்டுப் பிளான் பார்ப்பார்கள். இயன் சாரின் வீடுகள் எங்கள் மூவர் கையில்.

கேள்வி சின்னது. அதன் பின்னால் ஒரு அம்மாவின் பாடு இருந்தது. மோரக் என்பது அவர் பெயர். எழுபது தாண்டியவர். கணவர் இறந்தபின் அந்தக் கல் வீட்டில் தனியாக இருந்தார். கீழே விழுந்து இடுப்பெலும்பு உடைந்ததும் மகள் டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். மோரக் அம்மாவுக்கு அங்கே ஒட்டவில்லை. தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும், அதுவும் பனி விழுவதற்குள். ஆனால் அந்த வீட்டில் பாத்ரூம் மாடியில் இருக்கிறது. படி குறுகல், செங்குத்து. கீழே ஒரு பாத்ரூம் கட்டினால் அவர் வீட்டுக்குப் போகலாம். கட்டாவிட்டால் போக முடியாது.

பழமையான கட்டடம் என்று அரசாங்கம் பட்டியலில் வைத்த வீடு அது. ஆணி அடிப்பதற்குக்கூட அந்த ஊர் கவுன்சிலைக் கேட்க வேண்டும். கீழே பாத்ரூம் வைத்தால் கழிவுக் குழாய் பின்சுவர் வழியாகத்தான் வெளியே போக முடியும். புதிதாகச் சுவரை உடைக்காமல், சின்ன பம்பு வைத்துக் கழிவை மேலே ஏற்றி, ஏற்கெனவே குழி இருக்கும் இடத்தில் குழாயை விடலாம் என்று இயன் சார் படம் போட்டுக் கொடுத்திருந்தார். கவுன்சில் மறுத்துவிட்டது. காரணம், அவர் இணைத்திருந்த எங்கள் ஷீட்டில் அந்தக் குழிக்கு நேரே 'விளக்கு மாடம்' என்று எழுதியிருந்தது. இது அந்தப் பக்கத்தில் அபூர்வமான அமைப்பு, தொடக்கூடாது என்று அவர்கள் பதில் எழுதியிருந்தார்கள்.

2. ஆளில்லாத வீடு

நாங்கள் மூவரும் ஸ்காட்லாந்தைப் பார்த்தது கிடையாது. பார்க்காத வீட்டுக்கு எப்படிப் படம் போடுகிறீர்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். அங்கே ஒருவர் ஸ்கேனரைக் கொண்டுபோய் ஒவ்வொரு அறையிலும் நிறுத்துவார். அது சுற்றிச் சுற்றி லேசர் ஒளி அடித்து, ஒளி பட்ட இடத்தையெல்லாம் புள்ளியாகப் பதிந்துகொள்ளும். அந்தப் புள்ளிக் கூட்டம்தான் எங்களுக்கு வீடு. அதற்குள் போய் அளவெடுத்து, பிளான், எலிவேஷன், செக்ஷன் எல்லாம் போடுவோம். ஸ்கேன் ஓடும்போது யாராவது குறுக்கே நடந்தால் புகை மாதிரி ஒரு உருவம் பதியும். அதை அழிப்பதுதான் காதர் பாயின் முதல் வேலை. ஆட்களை அழித்துவிட்டுத்தான் வீட்டை வரையத் தொடங்குவோம்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு அது பிடித்திருந்தது. நீளவாக்கில் ஒரு கட்டு. இரண்டு கடைசியிலும் முக்கோணமாக மேலேறும் சுவர், அதன் உச்சியில் புகைபோக்கி. கூரை கற்பலகை. கீழே இரண்டே அறைகள். ஒன்றில் குளிர்காயும் அடுப்பு, அதுவே ஒரு காலத்தில் சமையலுக்கும். மற்றது மாடு கட்டிய அறையாம், பிற்பாடு மனுஷர் புழங்கும் அறையாக ஆனது. மாடும் மனிதரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்கிறார்கள். குளிருக்கு மாட்டின் சூடும் உதவியிருக்கும்.

சுவரைக் கண்டதும் காதர் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். அகலம் இரண்டேகால் அடி. உள்முகம் ஒரு கல்வரிசை, வெளிமுகம் ஒரு கல்வரிசை, நடுவில் துண்டுக் கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் போட்டு நிரப்பியது. அடி பருத்து, மேலே போகப் போகச் சிறுக்கும். எந்த மூலையும் மூலைமட்டத்துக்கு வராது. ஜன்னல்கள் வெளியே கையகலம், உள்ளே வர வர விரியும். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தை அறை முழுக்கப் பரப்ப அந்த ஏற்பாடு. காற்றை வெளியே நிறுத்தி வெளிச்சத்தை மட்டும் உள்ளே விட வேண்டும் என்று கட்டினவன் யோசித்திருக்கிறான்.

"இதுல ஒரு கோடு நேரா இல்ல மேரிக்கா. துபாய்ல இப்படி வரைஞ்சிருந்தா அன்னிக்கே ஃப்ளைட் ஏத்தி அனுப்பியிருப்பான்" என்றார் காதர் பாய்.

"கோணலா இருக்குறத கோணலாவே போடுங்க பாய். நேராக்குனா நான் சிவப்புப் பேனாவ எடுத்துடுவேன்."

அவர் அப்படியே போட்டார். சுத்தமான வேலை. பிளானில் அந்தக் குழியும் இருந்தது. அடுப்புக்கு ஒரு கை தள்ளி, பின்சுவரில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, சதுரமாக. காதர் பாய் அதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. அகலம், உயரம், ஆழம் மட்டும் போட்டிருந்தார். நான் பார்த்து ஓகே செய்த ஷீட் அதுதான்.

3. முதலாளி வைத்த பெயர்கள்

பிறகு நான் அக்கா மகள் கல்யாணத்துக்காக ஏலாக்குறிச்சி போய்விட்டேன். அந்த வாரம் பார்த்து இயன் சார், வீட்டில் இருக்கும் பழைய அம்சங்களையெல்லாம் ஷீட்டில் குறித்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். காதர் பாய் வேறு அவசர வேலையில் இருந்தார். அன்பழகன் சார் தானே உட்கார்ந்துவிட்டார்.

அவர் படம் போட்டுப் பழகியவர்தான். ஆனால் வெற்றிடம் கண்டால் பொறுக்காதவர். ஷீட்டில் எழுத்து நிறைய இருந்தால்தான் வேலை செய்த மாதிரி இருக்கும் என்பது அவர் கட்சி. சுவரில் ஒரு இரும்பு வளையம் தெரிந்தது. 'மாடு கட்டும் வளையம்' என்று எழுதினார். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பலகைக் கல் கிடந்தது. 'துணி துவைக்கும் கல்' என்று எழுதினார். அடுப்புப் பக்கத்துக் குழிக்கு வந்தார். குன்னத்தில் அவர் பிறந்த வீட்டில் அடுப்படிச் சுவரில் மாடாக்குழி உண்டு, அதில் சாயங்காலம் அகல் வைப்பார்கள். எங்கள் வீட்டிலும் உண்டு, காதர் பாய் வீட்டிலும் உண்டு. இந்தப் பக்கத்தில் பழைய வீடுகளில் மாடாக்குழி இல்லாத சுவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கை தானாக 'விளக்கு மாடம்' என்று டைப் அடித்துவிட்டது.

இதில் வளையம் சரியாகப் போய்விட்டது. அது உண்மையிலேயே மாடு கட்டியதுதான். குருட்டாம்போக்கில் ஒன்று சரியாக விழுவது ரொம்ப ஆபத்து, கூட இருப்பதெல்லாம் சரி என்று ஆகிவிடும். இயன் சார் ஆஹா என்று பாராட்டி அப்படியே கவுன்சிலுக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் கல் என்ன கல் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

4. யாருடைய பாரம்பரியம்

மெயிலைப் படித்துவிட்டு அன்பழகன் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பதிலை அப்போதே முடிவு செய்துவிட்டார்.

"பாரம்பரிய வழக்கப்படி எழுதுனதுன்னு போட்டுடுவோம் மேரி. பெரிய வார்த்தை. அதுக்கு மேல யாரும் நோண்டமாட்டாங்க."

"யாரு பாரம்பரியம் சார்? நம்மளோடதா, அவங்களோடதா?"

"கரண்டு வர்றதுக்கு முன்னாடி அவங்க மட்டும் இருட்டுலயா குந்தியிருந்தாங்க? செவுத்துல குழி, அடுப்புக்குப் பக்கத்துல, கைக்கு எட்டுற ஒசரம். வெளக்கு வைக்காம வேற என்ன வைப்பாங்க?"

"தெரியல சார். அதத்தான் சொல்றேன், நமக்குத் தெரியல."

காதர் பாய் இரண்டு பக்கமும் பார்த்தார். "சார் சொல்றதும் தப்புன்னு சொல்ல முடியல மேரிக்கா. எங்க வூட்லயும் அப்படித்தான் இருந்துச்சு" என்றார்.

"பாய், அது உங்க ஊரு லெப்பைக்குடிக்காடு. இது ஸ்காட்லாந்து."

அன்பழகன் சாரைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை. அவர் பயம் எனக்குப் புரிந்தது. "தெரியாம எழுதிட்டோம்னு நாமளே சொன்னா, இன்னும் என்னென்ன தெரியாம எழுதியிருக்காங்கன்னு கேப்பாங்களா மாட்டாங்களா? பத்துப் பேரு இந்த வேலைக்குக் காத்துக்கிட்டிருக்கான்" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கேயோ ஒரு அம்மா மகள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பனி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் வீட்டுக்குப் போகும் வழியில் எங்கள் ஆபீஸ் ஒரு வார்த்தையைக் குறுக்கே போட்டுவிட்டது. எனக்கு அது சாப்பாட்டைக் கெடுத்தது.

காதர் பாய் ஸ்கேனைத் திறந்து குழிக்குள் போய்ப் பார்த்தார். பின்பக்கம் தட்டையாக இருந்தது. சுற்றிலும் வெள்ளையடித்திருந்தது. அவ்வளவுதான். ஸ்கேன் சுவரின் தோலைக் காட்டும், வயதைக் காட்டாது.

"வீட்டுக்காரம்மாவக் கேட்டாங்களாமா?" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

5. செந்துறையில் படித்தது

வீட்டில் புழங்குகிறவரைக் கேட்பது நான் டிப்ளமோவில் படித்தது இல்லை. அரியலூர் ஆபீசில் இருந்தபோது செந்துறைப் பக்கம் ஒரு பழைய வீட்டை அளக்கப் போனேன். மேலே மாடி எடுக்க வேண்டும் என்றார் வீட்டுக்காரர். டேப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்து, இந்தச் சுவர் இரும்பு மாதிரி, அந்த அஸ்திவாரம் மலை மாதிரி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். கிளம்பும்போது அவர் மனைவி மோர் கொண்டுவந்தார். மரியாதைக்கு ஏதாவது பேச வேண்டுமே என்று, அந்த மூலையை மட்டும் ஏன் காலியாக விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அங்கன சாமான் வச்சா பூத்துப்போவுதுங்க. சித்திரை வெயில்லயும் அந்தச் செவுரு ஈரமாத்தான் இருக்கும்" என்றார்.

தோண்டிப் பார்த்தால் அந்த மூலைக்குக் கீழே தூர்த்து மூடின பழைய கிணறு. அவர் கணவருக்கே தெரியாது. அதற்கு மேல்தான் மாடியை ஏற்ற இருந்தோம். அதற்கப்புறம் எந்த வீட்டை அளக்கப் போனாலும், டேப்பைப் பிரிப்பதற்கு முன்னால் அடுப்படியில் இருப்பவரிடம் நாலு வார்த்தை பேசுவேன். எந்தச் சுவர் ஒழுகும், எந்தக் கதவு மழைக்கு இறுகும், எதை யார் எப்போது மாற்றினார்கள் என்று அவர்களிடம்தான் இருக்கும்.

பிறகு இந்த ஸ்கேன் வேலை வந்தது. வீட்டில்தான் யாருமே இல்லையே, யாரிடம் கேட்பது? பழக்கம் விட்டுப்போனது.

"அந்தம்மாகிட்ட என்னத்த கேக்குறது? அவங்க வெளக்கு வச்ச காலத்து ஆளா?" என்றார் அன்பழகன் சார்.

"கேட்டா வாயில இருக்குற முத்து உதிர்ந்துடாது சார்."

அவர் எழுந்து கீழே டீ குடிக்கப் போனார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு இயன் சாருக்கு எழுதினேன். எதை வைத்து எழுதினோம் என்று சொல்வதற்கு முன்னால் வீட்டுக்காரம்மாவிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும், நாங்களே பேசலாமா என்று. அவர் மறுநாள் சாயங்காலம் வீடியோ காலுக்கு ஏற்பாடு செய்தார்.

6. மோரக் அம்மா

திரையில் ஒரு பக்கம் இயன் சார். இன்னொரு பக்கம் மெலிந்த உருவம், நரைத்த கிராப்பு, மடியில் ஒரு கம்பளி. மோரக் அம்மாவின் இங்கிலீஷ் எங்கள் மூவருக்கும் பாதிதான் புரிந்தது. எங்கள் இங்கிலீஷ் அவருக்குக் கால்வாசி புரிந்திருக்கும். நடுவில் இயன் சார் இங்கிலீஷையே இங்கிலீஷில் மொழிபெயர்த்தார். அவர் சொன்னதை நம் பேச்சில் தருகிறேன்.

முதலில் அவர்தான் கேட்டார். "என் வீட்டப் படமா போட்டவங்க நீங்கதானா? மாடிப்படி மூணாவது படி ஆடுதே, அதையும் போட்டீங்களா?"

"ஆடுறது ஸ்கேன்ல தெரியாதும்மா" என்றேன்.

"அப்ப என்ன படம்?" என்று சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. செக்கிங் வேலைக்கு ஏற்றவர்.

குழியைக் காட்டி, இதில் நீங்கள் என்ன வைப்பீர்கள் என்று கேட்டேன்.

"நானா? தீப்பெட்டி, ரேடியோ, பூனை. பூனை தானா போய்ப் படுத்துக்கும்."

"விளக்கு?"

"விளக்கு எப்படி வைக்கிறது? அதுதான் விறகு வர்ற ஓட்டையாச்சே."

இயன் சாரின் முகம் அப்படியே நின்றுவிட்டது. நெட்வொர்க் போய்விட்டதோ என்று காதர் பாய் கேபிளை அசைத்துப் பார்த்தார். நெட்வொர்க்கெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

மோரக் அம்மா சொன்னார். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த புதிது. விறகுக் கொட்டகை பின்சுவரை ஒட்டி வெளியே இருந்தது. பனிக்காலத்தில் விறகு எடுக்க முன்வாசல் வழியாகப் போய் வீட்டைச் சுற்றி வர வேண்டும். அவர் அப்போது மாசமாக இருந்தார். ஒருநாள் பனியில் வழுக்கி விழப் பார்த்தார். அன்றைக்கே கணவர் டங்கன் சம்மட்டியும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு பின்சுவரை உடைக்க ஆரம்பித்துவிட்டார். யாரையும் கேட்கவில்லை. ஒரு வாரம் வீடெல்லாம் தூசி. ரொட்டியில் தூசி, படுக்கையில் தூசி. அந்த வாரம் முழுக்க இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஓட்டை விழுந்த அன்று டங்கன் வெளியே நின்று ஒரு விறகுக்கட்டையை உள்ளே தள்ளினாராம். அது அடுப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. அப்போதுதான் பேசினேன் என்றார் மோரக் அம்மா.

பிறகு கரண்டு ஹீட்டர் வந்தது. ஓட்டை வழியாகக் காற்றும் எலியும்தான் வந்தன. டங்கன் வெளிப்பக்கத்தைச் சிமெண்ட் வைத்து அடைத்தார், உள்பக்கம் குழியாக நின்றுவிட்டது.

"கவுன்சில் லெட்டர் வந்தப்ப இதச் சொல்லலியா?" இயன் சார் மெதுவாகக் கேட்டார்.

"மக படிச்சுக் காட்டினா. அபூர்வமான அமைப்புன்னு இருந்துச்சு. படிச்சவங்க எழுதியிருக்காங்க, அப்போ டங்கன் உடைச்ச எடத்துல அதுக்கு முன்னாடியே ஏதோ பழைய மாடம் இருந்திருக்கும்னு நெனச்சேன். நான் யாரு இல்லன்னு சொல்ல?"

அவர் கவுன்சிலை நம்பினார். கவுன்சில் இயன் சாரை நம்பியது. இயன் சார் எங்களை நம்பினார். நாங்கள் குன்னத்து மாடாக்குழியை நம்பினோம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை இதுதான். அன்பழகன் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தப் பேரு நான் வச்சதும்மா. எங்க ஊரு வூட்ட நெனச்சு எழுதிட்டேன். மன்னிச்சுக்குங்க" என்று இங்கிலீஷில் சொன்னார். இலக்கணம் முன்னே பின்னே இருந்தது. விஷயம் சுத்தமாக இருந்தது. அந்த நிமிஷத்தில் அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது.

7. ஒரே ஒரு நேர்கோடு

அதோடு முடிந்துவிடவில்லை. பட்டியலில் உள்ள வீட்டின் சுவரை அனுமதி இல்லாமல் உடைப்பது அந்த நாட்டில் குற்றம் என்று இயன் சார் விளக்கினார். டங்கன் உடைத்தபோது வீடு பட்டியலில் இருந்ததா இல்லையா என்பதை அவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இருந்திருந்தால், உண்மையைச் சொன்னால் டங்கன் செய்தது தப்பு என்று எழுத்தில் பதிவாகும். சொல்லாவிட்டால் பாத்ரூம் கிடையாது.

மோரக் அம்மா கம்பளியை நீவிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "கொஞ்ச நாள் அந்த மனுஷன் கைவேலைய அபூர்வம்னு சொன்னாங்க. அவர் காதுல விழுந்திருந்தா கூரையில ஏறி ஆடியிருப்பார். நல்லாத்தான் இருந்துச்சு." கம்பளியை மடித்து வைத்தார். "நான் வீட்டுக்குப் போகணும். எழுதுங்க, அவர்தான் உடைச்சார்னு."

அதற்கு ஆதாரம் வேண்டுமே. இயன் சார் கேட்டதும், ஓட்டைக்கு மேலே சுவர் சரியாமல் இருக்க டங்கன் என்ன வைத்தார் என்பது மோரக் அம்மாவுக்கு உடனே நினைவு வந்தது. "எங்க பழைய இரும்புக் கட்டில். அதோட சட்டத்த அறுத்து மேல வச்சார். அந்தக் கட்டிலு எங்கம்மா கொடுத்தது. அதுக்கும் சண்டை."

இது காதில் விழுந்ததுதான் தாமதம், காதர் பாய் மௌஸைப் பிடித்தார். குழியின் மேல் விளிம்பைப் பெரிதாக்கினார். ஸ்கேனில் ஒரு கோடு, ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல. அந்த வீட்டில் எதுவும் நேராக இல்லை என்று முதல் நாள் தலையில் கை வைத்தவர் அவர். வீட்டிலேயே நேரான கோடு அது ஒன்றுதான். நாங்கள் அதற்கு அளவு எழுதினோம், அதைப் பார்க்கவில்லை. "யா அல்லாஹ், கண்ணுக்கு முன்னாடியே இருந்திருக்கு" என்றார். வெளிப்பக்கத்துப் போட்டோவையும் திறந்து பார்த்தோம். மற்ற இடமெல்லாம் சுண்ணாம்பின் மங்கல் வெள்ளை, அந்த இடத்தில் மட்டும் சாம்பல் நிறச் சதுரம். நான் தினமும் அரியலூரில் இருந்து பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பார்க்கிற சிமெண்ட் நிறம்தான்.

இரண்டையும் திருத்திய ஷீட்டோடு அனுப்பினோம். கவுன்சில் அதிகாரி நேரில் வந்து குழியின் மேல் வெள்ளையைச் சுரண்டிப் பார்த்தாராம். கட்டில் சட்டம் தெரிந்தது. அதில் பூவேலைகூட இருந்ததாம்.

பதில் வந்தது. இயன் சார் எங்களுக்கும் அனுப்பினார். நடவடிக்கை எதுவும் இல்லை. உடைத்த காலத்தில் வீடு பட்டியலில் ஏறியிருக்கவில்லை. குழாய் விட அனுமதி உண்டு. காரணம் ஒரே வரியில் இருந்தது: இது பிற்காலத்தில் செய்த மாற்றம், வரலாற்று முக்கியத்துவம் எதுவும் இல்லாதது.

அன்பழகன் சார் மேஜையைத் தட்டி, "முடிஞ்சுது போ" என்றார். கீழே போய் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கி வந்தார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த வரியை மறுபடி படித்தேன். அந்த அம்மா வீட்டுக்குப் போவதற்குத் திறந்த கதவு அந்த வரிதான். அவருடைய புருஷன் ஒரு வாரம் தூசி தின்று செய்த வேலைக்கு ஒரு முக்கியத்துவமும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. அதிகாரி சொன்னது சரி. சரியாக இருந்தும் எனக்கு அது வலித்தது.

8. கடைசி ஷீட்

கவுன்சில் கோப்பில் வைப்பதற்கு இறுதி ஷீட் ஒன்று தர வேண்டியிருந்தது. குழிக்கு நேரே என்ன எழுதுவது என்று காதர் பாய் கேட்டார். பழையபடி அளவு மட்டும் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு நானே டைப் அடித்தேன். 'இந்த வீட்டுக்காரர் டங்கன், விறகு உள்ளே தருவதற்காகச் செய்த திறப்பு. பின்னர் அவரே அடைத்தது. மேலே இரும்புக் கட்டில் சட்டம்.'

அன்பழகன் சார் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். "ஷீட்ல ஆளு பேரெல்லாம் போடுவாங்களா மேரி?"

"போடமாட்டாங்க சார்."

"அப்புறம்?"

"தெரியாதத எழுதுனோம், ஒரு அம்மா வூட்டுக்குப் போவ முடியாம நின்னுது. தெரிஞ்சத எழுதாம விடுறதும் அதே தப்புதான்."

அவர் இன்னொரு தடவை படித்தார். "எழுத்துப்பிழை இல்லாம போடு" என்று சொல்லிவிட்டுப் போனார். இயன் சாரும் அதை எடுக்கச் சொல்லவில்லை.

பனிக்கு முன்னால் மோரக் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். குழாய் அந்தக் குழி வழியாகத்தான் போகிறது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பார்த்ததை எழுதுங்கள். பெயர் வைக்காதீர்கள், பெயர் வைக்கத் தெரிந்தவர் அந்த வீட்டில் இருப்பார். ஸ்கேன் வந்தால் முதலில், இந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள், அவரோடு பேச முடியுமா என்று கேளுங்கள். இப்போது எங்கள் ஆபீசில் அதைக் கேட்காமல் எந்த வேலையும் தொடங்குவதில்லை, அன்பழகன் சாரே கேட்டுவிடுகிறார்.

இரண்டேகால் அடிச் சுவரை அடி பருத்து, தலை சிறுத்து, வெளிச்சம் அளந்து கட்டியவன் யார் என்று யாருக்கும் தெரியாது. அவன் பெயர் எந்தப் படத்திலும் இல்லை. அந்தச் சுவரை உடைத்தவர் பெயர் மட்டும் ஷீட்டில் இருக்கிறது.